இழுக்கிற கிற்றார்

வலன்ரைனின் வேலை ஐஸ் செய்வது. நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் சறுக்கு அரங்கில், ஒரு குழு இறங்கிப் போனதும் சம்போனி வண்டியில் ஏறுவார். பிள்ளைகள் கீறிப்போட்ட மேற்பரப்பைச் சுரண்டி, அதன்மேல் வெந்நீர் விட்டு, திரும்பவும் கண்ணாடியாக்கி விடுவார். வெந்நீரால் ஐஸ் செய்வதை மன்னாரில் இருக்கும் அவருடைய தம்பி இன்றுவரை நம்பவில்லை. வலன்ரைனும் விளங்கப்படுத்துவதை விட்டுவிட்டார்.

அவருக்குச் சறுக்கத் தெரியாது. இத்தனை வருடமும் ஐஸின்மேல் இருந்திருக்கிறார், எப்போதும் சக்கரத்தின்மேல்.

அரங்கின் கூரையில் தொங்கும் ஒலிபெருக்கிகளில் ஒரே ஒரு வானொலிதான் கேட்கும். முன்பு வேலைக்கு நிற்பவர் தனக்கு விருப்பமானதைப் போடலாம். பனி கொட்டும் ஒரு மாரியில் பிரெஞ்சுப் பாட்டுக் காணாது என்று ஒரு தகப்பன் முறையிட்டார். பிரெஞ்சுப் பாட்டுக் கூடிப்போயிற்று என்று இன்னொருவர் முறையிட்டார். ராப் பாட்டில் கெட்ட வார்த்தை என்று ஒரு தாய் வந்து நின்றாள். கூட்டங்கள் வைத்து, கடைசியில் ஓர் ஆங்கிலப் பாப் வானொலியைத் தெரிந்தெடுத்தார்கள். அது ஒருவருக்கும் முழுதாகப் பிடிக்கவில்லை, ஒருவரும் அதை முழுதாக வெறுக்கவும் இல்லை. காலையில் அரங்கு திறக்கும் நேரத்தில் தானாகவே பாடத் தொடங்கும்படி வைத்து, பெட்டியைப் பூட்டி, திறப்பை நகரசபைக்குக் கொண்டுபோனார்கள். ஹொக்கித் தகப்பன்மாரின் கைகலப்புக்குள் துணிந்து நுழையும் மேலாளர்கூட அந்தப் பெட்டியைப் பற்றிக் கதைக்க மாட்டார்.

வலன்ரைனுக்குப் பிடித்தது கன்ட்ரிப் பாட்டு. வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பக்கத்துத் தொட்டியில் நின்றவன் கஸ்பே கடற்கரைக்காரன். அவனுடைய கசெற்றுகளில் எல்லாம் ஒரே கதைதான்: ஒரு பழைய ட்ரக், மழை, கதவைச் சாத்திவிட்டுப் போன ஒருத்தி. வலன்ரைனுக்கு அப்போது பாதி விளங்கவில்லை. ஆனால் இடையில் ஒரு கிற்றார், கம்பியின்மேல் இரும்பை வைத்து இழுப்பது, நெடுநேரம் அழுதுகொண்டே போகும். அதை விளங்க மொழி தேவைப்படவில்லை.

இந்த மாரியில் ஒரு கன்ட்ரிப் பாட்டு எல்லா வேலிகளையும் தாண்டியது. அமெரிக்காவிலும் இங்கேயும் தரவரிசையின் உச்சியில் வாரக்கணக்காகக் குந்தியிருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் கேட்டது. பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கேட்டது. லவாலில் நடந்த ஒரு தமிழ்க் கலியாணத்தில் கேக் வெட்டும்போது கேட்டது. லொங்குய்யில் இருக்கும் மகள் றொசானாவைப் பார்க்கக் காரில் போகும்போது, பாலத்தின் உச்சியில், எல்லைக்கு அப்பாலிருந்து வரும் வானொலி ஒன்றில் தவறாமல் கேட்டது. அரங்கின் வானொலியில் மட்டும் இல்லை.

இது வலன்ரைனுக்குப் பெரிய விசயமாக இருந்திருக்காது. கத்தரினுக்கு அந்தப் பாட்டுத் தேவைப்பட்டது.

கத்தரின் அவருடைய மனைவி. கோட்-டே-நேஜில் ஒரு கார்டெரியில், பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், வேலை. மாரியில் கிழமைக்கு ஒருமுறை அங்குள்ள சின்னப் பிள்ளைகளை இந்த அரங்குக்குக் கூட்டிவருவார்கள். சறுக்கத் தெரிந்த ஆசிரியைகள் அவர்களோடு இறங்குவார்கள். தெரியாதவர்கள் ஐஸைச் சுற்றி அடைத்திருக்கும் பலகைக்கு வெளியே நின்று கையுறைகளையும் தொப்பிகளையும் வைத்திருப்பார்கள். கத்தரின் நெடுங்காலம் கையுறை வைத்திருந்தார். ஒருநாள் நான்கு வயதுப் பெட்டை ஒன்று பலகைக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உனக்குத் தண்டனையா?" என்று பிரெஞ்சில் கேட்டது. அந்தக் கிழமையே கத்தரின் பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் சேர்ந்தார்.

அந்த வகுப்பில் தேறியவர்தான் பிள்ளைகளோடு ஐஸில் இறங்கலாம். தேறுவதற்கு ஒரு முழுச் சுற்று வரவேண்டும். விழலாம், எழும்பலாம். பலகையைத் தொட்டால் முடிந்தது. இரண்டு முறை கத்தரின் தொட்டுவிட்டார், இரண்டு முறையும் கடைசி வளைவில். மூன்றாம் முறையும் தவறினால் பிறகு இடமில்லை. வெளியே காத்திருப்போர் அதிகம்.

"உங்களுக்கு என்னம்மா விசரே," என்றாள் றொசானா. "இந்த வயசில இடுப்பு உடைஞ்சா ஆர் பாக்கிறது?"

"நீதான்," என்றார் கத்தரின்.

வலன்ரைன் தன்னால் இயன்றதைச் செய்தார். காலை வேலைக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிப்போனார். மேலாளருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துகொண்டார். புதிதாகச் செய்த ஐஸ், ஆளில்லாத அரங்கு, இன்னும் வாய் திறக்காத ஒலிபெருக்கிகள். வலன்ரைன் பலகையின்மேல் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து அந்தப் பாட்டைப் போட்டார். மேளம் ஒரு தட்டுத் தட்ட ஒரு தள்ளு. மறுதட்டுக்கு மற்றக் கால். பிறகு அந்த இழுக்கிற கிற்றார் வரும். அது முடியும்வரை ஒன்றும் செய்யாமல் வழுக்கிக்கொண்டு போகலாம். வளைவைக் கடப்பது அந்த இழுவையில்தான். இரண்டாவது கிழமையில் கத்தரின் பலகையைத் தொடாமல் ஒரு சுற்று வந்தார். வந்து, கைகளை இறக்க மறந்து, விமானம்போல நின்றார்.

ஆனால் சோதனை ஞாயிறு பிற்பகல். அப்போது கூரை பாடிக்கொண்டிருக்கும்.

"அந்தப் பாட்டில்லாட்டி எனக்குக் கால் வராதப்பா," என்றார் கத்தரின் சாப்பிடும்போது.

"காதுக்குள்ள வச்சுக்கொண்டு போமன்."

"லீன் விடாள். ஹெல்மெற்றுக்குள்ள ஒண்டும் வைக்கக் கூடாதாம். விசில் கேக்க வேணுமாம்." லீன் வகுப்பு நடத்துபவள். நல்லவள், விதி என்றால் விதி.

"அப்ப மனசுக்குள்ள பாடும்."

"மேல அந்தத் தும்தும் அடிச்சுக்கொண்டிருக்கேக்க மனசுக்குள்ள எதைப் பாடுறது? நீங்கள் ஒருக்கா இறங்கிப் பாருங்கோ."

வலன்ரைன் சோற்றைப் பிசைந்தார். மறுநாள் மதியம் அந்த வானொலிக்குப் போன் எடுத்தார்.

நிலையத்தில் எடுத்தவன் ஞாயிறு பிற்பகல் அறிவிப்பாளனேதான். குரலைக் கேட்டதுமே தெரிந்தது. மரியாதையாகக் கதைத்தான். அருமையான பாட்டுத்தான், தன் மனைவி சமையலறையில் பாடுகிறாள் என்றான். ஆனால் அது கன்ட்ரி. தங்கள் நேயர்கள் கன்ட்ரி கேட்பவர்கள் அல்லர். அந்தக் கிற்றார் இழுக்கத் தொடங்கியதும் நேயர்கள் வேறு நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள் என்று மேலிடத்தில் நம்புகிறார்கள். கிற்றாரை எடுத்துவிட்டு இன்னொரு வடிவம் அனுப்பினால் யோசிக்கலாம் என்று பாட்டுக் கொம்பனிக்கும் சொல்லியிருக்கிறார்களாம்.

"கிற்றாரை எடுத்தால் அதில் என்ன இருக்கிறது," என்றார் வலன்ரைன் ஆங்கிலத்தில். "மீனை எடுத்துவிட்ட மீன்குழம்பு."

அறிவிப்பாளன் சிரித்தான். பாட்டுப் போடுவதாகச் சொல்லவில்லை.

வலன்ரைன் இதைப் பேரின்பநாதனிடம் சொன்னார். பேரின்பநாதன் கோட்-டே-நேஜில் டெப்பனர் கடை வைத்திருப்பவர். சாவகச்சேரிக்காரர், வலன்ரைனுக்கு மூத்தவர். பாலுக்கும் லொத்தருக்கும் சிகரெட்டுக்கும் வருபவர்களுக்கு அவர் ஆலோசனையும் கொடுப்பார். ஆலோசனை வேண்டாமென்றால் வேறு கடைக்குத்தான் போகவேண்டும்.

"நீ கேக்கத் தெரியாமல் கேட்டிருக்கிறாய்," என்றார் பேரின்பநாதன். "பேர் சொன்னனியோ?"

"ஓம். என்ர பேர் சொன்னனான்."

"உன்ர பேர் மட்டுமோ?"

"வேற ஆற்ற பேர் சொல்லுறது?"

பேரின்பநாதன் கல்லாவை மூடினார். "ஒரு பேருக்கு ஆரடா பாட்டுப் போடுவான்? நேயர் விருப்பம் எண்டா என்னெண்டு தெரியுமோ? இலங்கை வானொலிக்குத் தபாலட்டை எழுதேக்க நான் ஊரையே எழுதிறனான். எங்கட நாயின்ர பேரும் எழுதினனான்."

"வாசிச்சவையோ?"

"மணி எண்டு எழுதினன். செல்வன் மணி எண்டு வாசிச்சவை."

அங்கேயே தொடங்கியது. பேரின்பநாதன் ஒரு வசனம் அமைத்துக் கொடுத்தார்: இந்தப் பாட்டை விரும்பிக் கேட்பவர்கள் இன்னார், இன்னார், இன்னார். பாட்டு யாருக்காகவோ அவருடைய பெயர் கடைசியில் வரவேண்டும், அதுதான் முறை. கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பெயரைச் சேர்த்தார்கள். தேவாலய நிலவறையில், புதன்கிழமைப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்தில், வலன்ரைனும் பெயர் சேர்த்தார். சைவமும் கிறிஸ்தவ வேதமும் ஒரே வசனத்துக்குள் வந்து சேர்ந்தன. பெயர் கொடுத்த ஒவ்வொருவரும் போன் எடுத்து எல்லோருடைய பெயரையும் சொல்லவேண்டும். ஒருவரை விட்டால் கோபம் வரும். புதிதாக ஒருவர் சேர்ந்தால், முன்பே போன் எடுத்தவர்கள் திரும்ப எடுத்து, முன்னர் சொன்னதில் ஒரு பெயர் விடுபட்டுவிட்டது, மன்னிக்கவும் என்று முழுவதையும் முதலிலிருந்து சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை, வலன்ரைன் வண்டிக்கு வெந்நீர் நிரப்பிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. அதே அறிவிப்பாளன். இந்த முறை சிரிக்கவில்லை.

"எந்தக் கொம்பனி?" என்றான்.

"என்ன கொம்பனி?"

இரண்டு நாளாக ஒரே வசனம், ஒரே பெயர்கள், ஒரே வரிசை என்றான் அவன். முதலில் இயந்திரம் என்று நினைத்தார்களாம். பிறகு இயந்திரம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதாம். பாட்டுக் கொம்பனிதான் ஆள் பிடித்து இதைச் செய்கிறது என்று மேலிடம் முடிவு கட்டிவிட்டது. இனி கிற்றாரை எடுத்தாலும் இந்தப் பாட்டு எங்களிடம் வராது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் போன் எடுத்தது நீங்கள். அதனால்தான் கேட்கிறேன், இவ்வளவு பேரும் யார்?

வலன்ரைன் குழாயைப் பூட்டிவிட்டு உண்மையைச் சொன்னார். எல்லோரும் தெரிந்தவர்கள். எங்களுக்கு இப்படித்தான் பாட்டுக் கேட்டுப் பழக்கம்.

"ஒரு பாட்டைக் கேட்க இத்தனை பெயர் எதற்கு?"

வலன்ரைன் இதை ஒருநாளும் யோசித்ததில்லை. "பாட்டை எல்லோரும் கேட்பார்கள்," என்றார். "ஆனால் கேட்டது யார் என்று தெரியவேண்டும் அல்லவா?"

பிறகு கத்தரினைப் பற்றியும் சொன்னார். பலகை, கையுறை, கடைசி வளைவு, ஞாயிறு மூன்றரை மணி.

"நான் அந்த நேரம் வேலையில்தான் நிற்பேன்," என்றான் அறிவிப்பாளன். "ஆனால் அந்தப் பாட்டைப் போட்டால் திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது."

"விளங்குது," என்று வலன்ரைன் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார்.

அன்று பின்னேரம் கத்தரினிடம் ஒப்புக்கொண்டார். "நாங்கள் கேட்டுக் கெடுத்துப்போட்டம். இனி அவை போடவே மாட்டினம்."

கத்தரின் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். "என்ர பேரும் சொன்னவையோ?"

"ஒவ்வொருதரும் சொன்னவை. கடைசியில."

"எத்தினை பேர் கேட்டவை?"

"ஊரே."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பலகையைப் பிடிச்சா," என்றார் கத்தரின், "ஊரே கேக்கும்." கத்தியை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை வலன்ரைன் கண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாதனும் மனைவி சிவநேசமும் வந்தார்கள். சிவநேசம் அரங்கொன்றுக்குள் வருவது இதுதான் முதல் முறை. வெளியே மார்ச் வெயிலில் ஸ்நோ கரைந்து ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்குள்ள இவ்வளவு குளிரெண்டா வெளியிலயே நிண்டிருக்கலாம்," என்றார் சிவநேசம்.

"சத்தம் போடாதையும். இது சோதனை மண்டபம்," என்றார் பேரின்பநாதன்.

றொசானா பலகையோரம் நின்றாள். போனைப் படமெடுக்கத் தயாராக வைத்திருந்தாள். வாய் மட்டும் இடுப்பைப் பற்றி ஏதோ முணுமுணுத்தது. வலன்ரைன் பின்கதவில், நிறுத்திவைத்த சம்போனியின்மேல் இருந்தார். அவருக்கு அதைவிட நல்ல இடம் தெரியவில்லை.

வகுப்பில் எல்லோரும் போய்வந்தார்கள். ஒரு கணக்காளர் விழுந்து எழும்பித் தேறினார். கத்தரின் கடைசி. கூரையில் ஒரு நடனப் பாட்டு, கல்லுடைக்கிற வேகத்தில். கத்தரின் தொடக்கக் கோட்டில் நின்று ஒரு காலை முன்னே வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். அந்தத் தட்டுக்குள் நுழைய இடமே இல்லை.

"அவசரமில்லை," என்றாள் லீன் பிரெஞ்சில். கத்தரின் பலகையைப் பார்த்தார். அது ஒரு கை தூரத்தில் இருந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்கவில்லை. அறிவிப்பாளனின் குரல் வந்தது.

இந்தக் கிழமை ஒரு பாட்டை நிறையப் பேர் கேட்டிருந்தார்கள் என்றது குரல். அந்தப் பாட்டை நான் போடப்போவதில்லை. ஆனால் கேட்டது யார் என்று தெரியவேண்டும் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். அது நியாயம்தான். பெயர்களைச் சரியாகச் சொல்ல முயல்கிறேன்.

பின்னால் மேளம் இல்லை, ஒன்றும் இல்லை. பெயர்கள் மட்டும்.

"வலன்ரைன்," என்றது கூரை. "றொசானா. அனுஜன்."

றொசானாவின் கையிலிருந்த போன் கீழே இறங்கியது. கத்தரின் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தள்ளினார்.

"விமல… நாதன். இந்திரா… தேவி." ஒரு தள்ளு, ஒரு வழுக்கல். "கிறேஸ். சாரங்கன்." இரண்டு சின்னத் தள்ளு. அறிவிப்பாளன் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மூச்செடுத்தான். அந்த மூச்சில் கத்தரின் மற்றக் காலை எடுத்தார். முதல் வளைவு. "சாம்பவி." நேர்ப்பாதை. "தாட்… சா… யினி. வித்தியா. பிரணவன். தனோஜன்." பொதுச் சறுக்கலுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் பலகையில் ஏறி எட்டிப் பார்த்தார்கள். "சிவநேசம்."

"என்ர பேரைச் சொல்லுறான்," என்றார் சிவநேசம், குற்றம் பிடிபட்டவர்போல.

கடைசி வளைவு வந்தது. கத்தரினின் இடது கை பலகைப் பக்கம் தானாகவே உயர்ந்தது. வலன்ரைன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

"பே," என்றது கூரை. நின்றது. "பேரி… பேரின்… ப…"

அது இழுத்தது. அந்தக் கிற்றாரைவிட நீளமாக இழுத்தது. அறிவிப்பாளன் பெயருக்குள் இறங்கி, வழி தவறி, திரும்பி வந்து, விடாமல் தேடிக்கொண்டு போனான். அவ்வளவு நேரமும் கத்தரின் ஒன்றும் செய்யாமல், உயர்த்திய கை உயர்த்தியபடியே, வளைவு முழுவதையும் வழுக்கிக் கடந்தார்.

"…நாதன்."

நேர்ப்பாதை. கோடு.

"இதெல்லாம்," என்றது குரல், "கத்தரினுக்காக."

அந்தப் பெயரை மட்டும் அவன் பிழையில்லாமல் சொன்னான். கோட்டைத் தாண்டிய கத்தரின் தன் பெயரைக் கேட்டதும் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்து பொத்தென்று ஐஸில் குந்திவிட்டார். லீன் விசிலடித்தாள். கோட்டுக்குப் பிறகு விழுவது கணக்கில்லை என்றாள். கூரையில் அடுத்த தும்தும் தொடங்கியது.

வலன்ரைன் வண்டியிலிருந்து இறங்கி ஓடினார். ஓடி, பலகையருகே நின்றுவிட்டார். அதற்கு அப்பால் அவருக்குத் தெரியாது. கத்தரின் தானே எழும்பி வந்தார்.

"பாத்தீரே," என்றார் பேரின்பநாதன் சிவநேசத்திடம். "என்ர பேராலதான் அவ திரும்பினவ. உம்மட பேர் எண்டா பாதியில நிண்டிருப்பா."

"உங்கட பேரை வாசிச்சு முடிக்க அந்தப் பெடியனுக்கு மூச்சு நிண்டுபோச்சு," என்றார் சிவநேசம். "வாங்கோ, குளிருது."

கோடையில் அந்த வானொலி அந்தப் பாட்டைப் போடத் தொடங்கியது. ஊரெல்லாம் கேட்டு அலுத்த பிறகு, கிற்றாரை எடுத்துவிட்டு, தும்தும் சேர்த்து. வராது என்று சொன்ன மேலிடம் மாறிவிட்டதா, மறந்துவிட்டதா தெரியவில்லை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை போட்டார்கள். காரில் முதல் தடவை வந்தபோது கத்தரின் பாதி வரை கேட்டார். "இதில வழுக்க ஏலாது," என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

நவம்பரில் கார்டெரிப் பிள்ளைகள் வந்தார்கள். கையுறைகளை வேறொரு ஆசிரியை வைத்திருந்தாள். கூரை தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கத்தரின் ஐஸில், அவருடைய மேற்சட்டையைப் பிடித்தபடி பின்னால் ஒரு வரிசை. அவர் ஏதோ சொல்லச் சொல்லப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஹெயிட்டிப் பிள்ளைகள், மொரோக்கோப் பிள்ளைகள், வியட்நாம் பிள்ளை ஒன்று. வலன்ரைன் சம்போனியின்மேல் இருந்து காது கொடுத்தார். முதல் வளைவில் விமலநாதன். நேர்ப்பாதையில் வித்தியா, பிரணவன், தனோஜன். கடைசி வளைவு வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் முழங்காலை மடித்து, வாயை அகலத் திறந்து, "பே… ரின்… ப…" என்று மூச்சு முடியும்வரை இழுத்தார்கள்.

வலன்ரைன் போனை எடுத்து டெப்பனருக்கு அடித்தார். அது கேட்கும்படி ஐஸின் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

"ஆர் உது, என்னைக் கூப்பிடுறது?" என்றார் பேரின்பநாதன். "நான் கடையில நிக்கிறனெண்டு சொல்லு."